கோதாவும் சினமும்

டில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள லாஜ்பத் நகரின் பெயரைச் சொன்னவுடன், பண்டிகைக் காலத்தில் துணிமணி வாங்கச் செல்லும் கடைவீதியே நம்மிற் பலருக்கு நினைவில் தோன்றும். ஆயினும் அந்நகர் எழுந்த வரலாறு வேறு. 1947-ஆம் ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தபோது வீடும் நிலமும் இழந்து வந்தவர்களுக்காக அமைக்கப்பட்ட குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. 1951-ஆம் ஆண்டு எடுத்த மக்கட்கணக்கின்படி டில்லியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 17½ லட்சம் பேர். அவர்களுள் 5 லட்சம் பேர் வரை அவ்வாறு வந்து சேர்ந்த அகதிகளே.

லாஜ்பத் நகரில் கஸ்தூரிபா நிகேதன் என்றோர் இல்லம் இருந்தது. ஆதரவிழந்த பெண்களும் அவர்தம் குழந்தைகளும் அங்குத் தங்கினர். அக்குழந்தைகள் கண்டவையும் கேட்டவையும் பெரியவர்களாலேயே தாங்க முடியாதவை. தந்தையை இழந்தவர், ஊரை இழந்தவர், பேசிப் பழகிய தெருவை இழந்தவர் என அவர்கள் பலதிறத்தினர். அத்தகைய பிள்ளைகள் உள்ளத்திற் குமுறும் சினத்தை யார்மீது காட்டுவது என்று அறியாமல், அருகிலிருந்தோர்மீதெல்லாம் காட்டுவது இயல்பே அன்றோ? கட்டுக்கு அடங்காத அப்பிள்ளைகளை ஒழுங்குக்குக் கொண்டுவர மத்திய அரசு 1954-ஆம் ஆண்டு ஒரு சோதனையை அவ்விடத்தில் தொடங்கியது. அதன் முதற் படி தேகப்பயிற்சி.

உடலைப் பழக்கினால் உள்ளத்தின் சினம் தணியுமா? இக்கேள்வி 1954-இல் புதிதாக எழுந்ததன்று. நம் நாட்டில் பல நூற்றாண்டுகளாக மக்கள் இதனைக் கேட்டும் சோதித்தும் வந்திருக்கின்றனர். வெற்றியும் கண்டனர், தோல்வியும் கண்டனர். அவ்வரலாற்றைச் சிறிது நோக்கிவிட்டு, மீண்டும் லாஜ்பத் நகருக்கு வருவோம்.

கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர்களுள் மூன்றாம் சோமேசுவரன் ஒருவன். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் இயற்றிய வடமொழிப் பெருநூலுக்கு மானசோல்லாசம் என்று பெயர். அரசியல், சமையல், இசை முதலிய எத்தனையோ பொருள்களைக் கூறும் அந்நூல் மற்போருக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. மல்லர்களை அவர்களுடைய வயது, உடற்பருமன், வலிமை ஆகியவற்றால் வகைப்படுத்த வேண்டும் என்கிறது. சுமை தூக்குதல், விடியலில் நெடுந்தொலைவு நடத்தல், நீரில் நீந்துதல், கையோடு கை பிணைத்துத் தள்ளுதல், தூணைப் பற்றி ஏறிப் பழகுதல் எனப் பயிற்சிகளையும் வகுக்கிறது. வலியவனோடு வலியவனையும் இளையவனோடு இளையவனையும் பொருத வைக்கும் இம்முறை, மற்போரைச் சினத்தின் விளைவாகக் கொள்ளாமல் கல்வியின் ஒரு கூறாகக் கொண்டதற்குச் சான்று எனலாம்.

அக்கல்வி பிற்காலத்தில் வட இந்தியாவில் அகாடா எனப்படும் பயிற்சிக்கூடங்களில் வாழ்ந்தது. காசியிலும் கோலாப்பூரிலும் பழைய டில்லியிலும் வாழும் நம்மவர், ஆலமரத்தடியிலோ கோயிலருகிலோ இத்தகைய கூடத்தைக் கண்டிருக்கக் கூடும். அதன் நடுவே உள்ள மண் பரப்பையே நாம் தமிழில் கோதா என்கிறோம். அந்த மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள் முதலியவற்றைக் கலந்து பதப்படுத்துவர். நாள்தோறும் விடியலில் மண்வெட்டியால் அதனைக் கொத்திக் கிளறிச் சமன் செய்ய வேண்டும். அதுவே அன்றைய முதற் பயிற்சி. பிறகு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கையும், மூச்சை உள்வாங்கவும் வெளிவிடவும் ஒரு முறையும் உண்டு.

இவையெல்லாம் முடிந்த பின்னரே இருவர் கோதாவில் இறங்குவர். இறங்குமுன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வர். ஆசானின் பாதத்தைத் தொட்டு வணங்குவர். எதிராளியின் உடம்பில் மண்ணைத் தூவிப் பிடிக்கு வழிசெய்வர். ஆசான் நிறுத்து என்றால் அந்நொடியே பிடியை விட்டுவிட வேண்டும். பொருது முடித்தவர்கள் ஒருவர்க்கொருவர் உடம்பு பிடித்துவிடுவதும் உண்டு. சற்று முன் யாரைக் கீழே தள்ள முயன்றானோ, அவனுடைய தோளையே இப்போது இளைஞன் கைகளால் நீவிவிடுகிறான்.

இதனை எண்ணும்போது திருக்குறளின் வெகுளாமை என்னும் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனே உண்மையில் அடக்கியவன் என்பதும், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பதும் அங்கு வள்ளுவர் கூறும் கருத்து. வலுவில்லாதவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பொறுமையாகாது. வேறு வழியின்மையே ஆகும். அடித்தால் வெல்லக்கூடியவன் அடிக்காமல் நிற்பதே அடக்கம். கோதா என்பது இளைஞனுக்கு அத்தகைய ஓர் இடத்தை நாள்தோறும் உண்டாக்கித் தருகிறது. எதிராளியின் கழுத்து அவன் பிடியில் இருக்கிறது. முறுக்கினால் முறியும். ஆனால் முறுக்கக் கூடாது என்பது விதி. அவ்விதியைக் காக்கும் பழக்கமே அகாடா தரும் பெருஞ்செல்வம்.

பழக்கம் தானாக வருவதன்று. அதனைத் தரும் ஆசான் வேண்டும். பரோடா நகரில் ஜும்மா தாதா என்ற முஸ்லிம் ஆசான் ஒருவர் இருந்தார். அவரிடம் மற்கலையும் உடற்பயிற்சியும் கற்ற இந்து மாணவர் மாணிக்ராவ். ஆசானுக்குப் பின்னர் பயிற்சிக்கூடத்தை நடத்திய மாணிக்ராவ், அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. ஜும்மா தாதா வியாயாமசாலை என்று ஆசான் பெயராலேயே வழங்கச் செய்தார். அங்கு 1907 முதல் 1910 வரை பயின்றவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் சுவாமி குவலயானந்தர் எனப் பெயர் பெற்றார். யோகப் பயிற்சியை ஆராய்ச்சி முறையில் ஆய்வதற்காக 1924-ஆம் ஆண்டு லோணாவ்லாவில் கைவல்யதாமம் என்ற நிலையத்தை நிறுவியவர் அவரே. மற்போரில் தொடங்கிய ஒரு குருமரபு மூச்சையும் மன அமைதியையும் ஆராயும் நிலையத்தில் வந்து கனிந்தது நோக்கத்தக்கது.

ஆனால் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவதன்று. உடல் வலிமை சினத்தை அடக்கவும் உதவும். சினத்திற்கு ஆயுதமாகவும் ஆகும். வங்காளத்தில் இவ்விரண்டையும் காண்கிறோம்.

வங்காளிகள் வீரமற்றவர்கள் என்று ஆங்கிலேயர் இகழ்ந்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. அவ்விகழ்ச்சி படித்த இளைஞர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1867-இல் கல்கத்தாவில் இந்து மேளாவைத் தொடங்கிய நபகோபால் மித்திரர் உடற்பயிற்சிக் கூடத்தையும் அமைத்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரளாதேவி சௌதுராணி தம் இல்லத்திலேயே இளைஞர்களுக்குக் கம்பும் வாளும் பழகும் கழகம் நடத்தினார். முர்த்தஜா என்ற முஸ்லிம் ஆசான் அங்குக் கற்பித்தார். 1902-இல் பிரமதநாத் மித்திரரைத் தலைவராகக் கொண்டு அனுசீலன் சமிதி தோன்றியது. தொடக்கத்தில் அதுவும் தேகப்பயிற்சிக் கழகமே. 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினைக்குப் பின் அக்கழகத்தாருள் பலர் வெடிகுண்டும் துப்பாக்கியும் ஏந்திய புரட்சிப் பாதையில் சென்றனர். அவர்தம் தியாகத்தை நாடு மறக்காது. எனினும் நம் பொருளுக்கு வேண்டிய உண்மை இது: தண்டாலும் கம்பும் அவர்களுடைய சினத்தைக் கரைக்கவில்லை. அதனைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, ஒரு குறியை நோக்கிச் செலுத்தின.

குறி நல்லதாயின் நன்று; தீயதாயின் என் செய்வது? 1920-களிலும் 1930-களிலும் வட இந்திய நகரங்கள் பலவற்றில் சமயக் கலகங்கள் மூண்டன. அப்போது சில அகாடாக்களின் பயில்வான்கள் தத்தம் தெருவுக்குக் காவலராயினர். சிலர் கலகத்திற்கே கையாட்களாயினர். அதே மண், அதே தண்டால், அதே கர்லாக்கட்டை. மாறியிருந்தது ஆசானின் நோக்கமே. இந்து மாணவன் முஸ்லிம் ஆசானின் பெயரைக் கூடத்திற்கு இட்டதும் அகாடாவில்தான். அண்டை வீட்டானை அடிக்கக் கம்பு எடுத்ததும் அகாடாவிலிருந்துதான்.

மேலை நாட்டு விளையாட்டுகளின் வரலாறும் இதனையே வேறொரு விதத்தில் காட்டுகிறது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியரிடம் அடங்காத வகுப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. குளிர்காலத்தில் கூடத்திற்குள் அடைபட்ட 18 இளைஞர்கள் அவ்வகுப்பில் இருந்தனர். முன்பு அவர்களுக்குக் கற்பிக்க முயன்ற ஆசிரியர்கள் தோற்றுப்போயிருந்தனர். நைஸ்மித் 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பந்தைக் கையிலேந்தி ஓடக் கூடாது. எதிராளியைப் பிடிக்கவோ தள்ளவோ இடறவோ கூடாது. இலக்கைத் தலைக்கு மேலே வைத்ததனால் பந்தை ஆத்திரத்தோடு வீசி எறிந்து பயனில்லை. அளவறிந்து எறிய வேண்டும். கூடைப்பந்து பிறந்த கதை இதுவே. அதே சங்கத்தின் சார்பில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். நம் சிற்றூர்ப் பள்ளிகளில் ஊதல் ஊதி விளையாட்டு நடத்திய ஆசிரியர்களுள் பலர் அங்குப் பயின்றவர்களே. ஊதல் ஒலித்தவுடன் நிற்கப் பழகிய சிறுவன், ஆசான் சொன்னவுடன் பிடியை விட்ட மல்லனுக்கு ஒப்பானவன்.

இனி லாஜ்பத் நகருக்கு வருவோம். 1954-இல் அச்சோதனையைத் தொடங்கியவர் அப்போது புனர்வாழ்வுத் துறைத் துணை அமைச்சராயிருந்த ஜெனரல் ஜகந்நாத்ராவ் போன்ஸ்லே. அவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் உயர் பதவி வகித்தவர். மலேயாவில் தோட்டத் தொழிலாளராயிருந்த தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்த படை அது. படைவீரரைப் பழக்கிய அவர் அகதிப் பிள்ளைகளிடம் படைக்கருவி எதனையும் கொடுக்கவில்லை. அணிவகுப்பு, கூட்டு உடற்பயிற்சி, பாட்டு, நாட்டு வரலாற்றுக் கதைகள் ஆகியவற்றை ஒன்றாய் இணைத்தார். இதற்குத் தேசிய ஒழுங்குத் திட்டம் என்று பெயராயிற்று.

அகதிப் பிள்ளைகளுக்கு இதனால் விளைந்த நன்மை எது? தண்டனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணினால் விளங்கும். எல்லாம் குலைந்துபோன ஒரு சிறுவனுக்கு நாளைக் காலை இன்ன மணிக்கு இன்ன இடத்தில் தனக்கென ஓர் இடம் வரிசையில் காத்திருக்கிறது என்பது பெரிய உறுதி. தன் கை உயரும்போது நூறு கைகள் உடன் உயர்கின்றன என்பது பெரிய துணை. பஞ்சாபிச் சிறுவனும் சிந்திச் சிறுவனும் ஒரே கட்டளைக்குத் திரும்புகின்றனர். கட்டளையிடுபவர் அவர்களை வெறுப்பவரல்லர் என்பதும் நாளடைவில் அவர்களுக்குத் தெரிகிறது.

சோதனை நற்பயன் தந்ததென அரசு கருதியது. ஆகவே திட்டம் பல மாநிலப் பள்ளிகளுக்கும் பரவியது. பரவியபோதுதான் இடர்ப்பாடும் தோன்றியது. பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பு ஒருபுறம், மாணவர் படைகள் ஒருபுறம், இத்திட்டம் ஒருபுறம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஏற்பாடுகள் அமைந்தன. இவற்றை ஒருங்கிணைக்க 1959-இல் இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஒட்டி 1965-இல் பழைய திட்டம் தேசிய உடல்வளக் குழு என்ற பெயரில் புதிய அமைப்பாக மாறிற்று. காலப்போக்கில் அவ்வமைப்பும் மறைந்தது. ஓர் இல்லத்தில் ஆசானும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த நிலையில் தொடங்கிய முயற்சி, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குரிய நேர அட்டவணையாக மாறும்போது அதன் உயிர்நாடியும் தளர்வது இயல்பு. அணிவகுப்பைச் சுற்றறிக்கையால் பரப்பலாம். ஆசானின் அன்பை அவ்வாறு பரப்ப இயலாது.

இன்றைய அறிவியல் இதுபற்றிக் கூறுவதும் அறியத்தக்கது. சினம் என்பது மூடிய பாத்திரத்தில் அடைபட்ட நீராவி போன்றது, எதையாவது ஓங்கிக் குத்தினால் வெளியேறிவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனை இதனை மறுத்தது. கல்லூரி மாணவர் 600 பேருக்குச் சினமூட்டி, சிலரை மணல்மூட்டை போன்ற குத்துப்பையைக் குத்தச் செய்தனர். தமக்குச் சினமூட்டியவனை நினைத்துக்கொண்டு குத்தியவர்களின் சினமே மிகுந்திருந்தது. ஒன்றும் செய்யாமல் அமைதியாய் அமர்ந்திருந்தவர்கள் அவர்களினும் நல்ல நிலையில் இருந்தனர். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக் என்பவரும் 10,000-க்கு மேற்பட்டோர் பங்கேற்ற 154 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நாடித்துடிப்பையும் பதற்றத்தையும் தணிக்கும் செயல்களான மூச்சுப்பயிற்சி, தியானம், யோகம் முதலியன சினத்தைக் குறைத்தன. வெறும் ஓட்டம் சினத்தைத் தணிக்கவில்லை. சிலவேளை மிகுவிக்கவும் செய்தது. ஆனால் பந்து விளையாட்டும் பள்ளி உடற்பயிற்சி வகுப்பும் ஓரளவு நன்மை தந்தன.

ஓட்டம் இதயத்திற்கும் உறக்கத்திற்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. சினம் தலைக்கேறிய வேளையில் அதுவே மருந்தாகாது என்பதே இதன் பொருள். எண்ணிக்கை, மூச்சு, விதி, தோழமை, நிறுத்து என்றால் நிற்றல் ஆகிய இவை சேர்ந்த பயிற்சியே சினத்தை ஆளக் கற்பிக்கிறது. பழைய அகாடாவின் நல்ல ஆசான் இவை அனைத்தையும் ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தான்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது ஏட்டு வரலாறு மட்டுமன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் உச்சரிப்புக்காகவும் உணவுக்காகவும் நிறத்துக்காகவும் கேலி செய்யப்படுவதுண்டு. நாம் வாழும் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், இந்தியில் தவறாகச் சொன்ன ஒரு சொல்லை வகுப்பே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்ததனால், அருகிலிருந்தவன் மூக்கில் குருதி வரக் குத்திவிட்டான். பொறுத்துப்போ, இது நம் ஊரன்று என்பதே தந்தை சொன்ன அறிவுரை. பையன் மேலும் இறுகினான். பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அண்டையில் சிறிய கோதா ஒன்றை நடத்திவந்த முதியவரிடம் நாம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் அவனிடம் மண்வெட்டி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாதம் வரை மற்போர் இல்லை. மண் கொத்துவதும் தண்டாலும் மட்டுமே. மண் கொத்தவா மாமா இவனை அங்கே அனுப்பினோம் என்று அவன் தாய் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டாள். இரண்டாம் மாதத்தில் ஒருநாள் காலை, அவனினும் இளைத்த பையன் ஒருவனோடு அவனைக் கோதாவில் இறக்கினார் முதியவர். எதிராளி நொடியில் வீழ்ந்தான். விடு என்றார். விட்டுவிட்டான். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவன் முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவனுக்குச் சினமே வருவதில்லை என்று நாம் சொல்லவில்லை. இன்றும் வருகிறது. ஆனால் கை உயர்வதற்கு முன் ஒரு மூச்சு இழுக்கும் இடைவெளி அவனுக்கு வாய்த்திருக்கிறது.

ஆகவே வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், சினம் கொண்ட பிள்ளையை அடக்கி உட்காரவைப்பதோடு நின்றுவிடலாகாது. அருகிலுள்ள அகாடாவோ, யோக வகுப்போ, கூடைப்பந்துத் திடலோ எதுவாயினும், அங்குள்ள கருவிகளைப் பார்ப்பதற்கு முன் ஆசானைப் பார்க்க வேண்டும். தோற்ற பிள்ளையிடம் அவர் எவ்வாறு பேசுகிறார், வென்ற பிள்ளையிடம் என்ன சொல்கிறார், பிற மொழியும் பிற சமயமும் உடைய பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறாரா என்று ஒரு காலை வேளை நின்று கவனிக்க வேண்டும். அது நன்றாயிருப்பின் பிள்ளையை நம்பி ஒப்படைப்போமாக. மண்வெட்டியைக் கொடுத்தால் குறைகூறாதிருப்போமாக.